விழுந்தே தீர வேண்டிய பரிசு: சேலத்துக் கொலுசுத் தொழிலாளி ஒருவரின் ஜாக்பாட் பழக்கம் குறித்த நிகழ்வு ஆய்வு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் வாரக்கூலிக்கு வேலை செய்யும், முப்பதுகளின் நடுவில் உள்ள ஒருவர், கைப்பேசியில் ஸ்லாட் செயலி ஒன்றில் (உருளைகள் சுழன்று நிற்கும்போது சின்னங்கள் பொருந்தினால் பரிசு தரும் ஆட்டம்) பணம் வைத்து விளையாடிக் கடனாளியாகி, மனைவியும் மைத்துனரும் வற்புறுத்தியதன் பேரில் ஆலோசனைக்கு வந்தார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. இதே வகையில் பாதிக்கப்பட்ட வேறு சிலரிடம் கண்டவையும் இவருடைய வரலாற்றோடு சேர்க்கப்பட்டுள்ளன. செயலியின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. இன்று முடக்கப்படும் செயலி நாளை வேறு பெயரில் வந்து நிற்கும்போது, பெயரைச் சொல்லி எச்சரிப்பதால் பெரிய பயன் இல்லை.

குடும்பத்தார் இரண்டு விளக்கங்களோடு வந்திருந்தார்கள். மனைவி பேராசை என்றார். மைத்துனர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் விவரம் தெரியாமல் ஏமாந்துவிட்டார் என்றார். இரண்டுமே பொருந்தவில்லை. வியாபாரி எடை போட்டுக் கொடுக்கும் வெள்ளியை வாங்கி, கொலுசாகத் திருப்பித் தரும்போது சேதாரத்தை மில்லிகிராம் வரை கணக்குச் சொல்ல வேண்டிய தொழிலில் இருப்பவர் அவர்; விழுக்காட்டுக் கணக்கை வாயிலேயே போட்டுவிடுவார். செயலியின் உச்சியில் ஒளிரும் மிகப்பெரிய பரிசு தமக்குக் கிடைக்காது என்பதையும் யாரும் கேட்காமல் அவரே சொன்னார். கிடைக்காது என்று தெரிந்த பரிசு ஒருவருடைய பந்தயத் தொகையைப் பத்து மடங்கு உயர்த்தியது எப்படி என்பதுதான் இந்நிகழ்வு எழுப்பும் கேள்வி.

பந்தயம் எப்போது கூடியது

சூதாட்டப் பழக்கத்தை விசாரிக்கும்போது எவ்வளவு நேரம் விளையாடினீர்கள், மொத்தம் எவ்வளவு இழந்தீர்கள் என்று கேட்பதே வழக்கம். இவரிடமும் அவையே முதலில் கேட்கப்பட்டன. பதில்களில் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை. பட்டறை முடிந்து வீட்டுக்கு வந்து, குழந்தைகள் உறங்கிய பிறகு இரண்டு மணி நேரம் போல விளையாடுவார். தொடக்கத்திலும் அப்படித்தான், கடன் முற்றிய நாட்களிலும் அப்படித்தான். மாறியது ஒரு சுழற்சிக்கு அவர் வைத்த தொகை. பெரும்பாலான நாட்களில் 20 ரூபாய். சில நாட்களில் மட்டும் 200. அந்தச் சில நாட்கள் கூலி வாங்கிய சனிக்கிழமைகளாக இருக்கும் என்றே எதிர்பார்த்தோம். அப்படி இல்லை. வார நடுவில், கையில் பணமே இல்லாமல், வட்டிக்கு வாங்கிய பணத்தை வைத்து 200 ரூபாய்ப் பந்தயங்கள் நடந்திருந்தன.

விடை அவருடைய கைப்பேசியிலேயே இருந்தது. செயலியின் மேற்பகுதியில் மினி, மைனர், மேஜர், கிராண்ட் என்று நான்கு ஜாக்பாட் பரிசுத் தொகைகள் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே இருக்கும். அந்தத் திரையைப் படம் பிடித்துப் பட்டறை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் படங்களின் தேதிகளையும் வங்கிக் கணக்கின் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மேஜர் பரிசு தன் எல்லையை நெருங்கிய நாட்களும் பந்தயம் உயர்ந்த நாட்களும் ஒன்றாகவே இருந்தன. மேஜருக்குக் கீழே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: ஒரு லட்சம் ரூபாய்க்குள் கட்டாயம் விழும்.

“விழுந்தே தீரணும் சார். அவனே எழுதிப் போட்டிருக்கான். தொண்ணூத்தி அஞ்சாயிரம் வந்த பின்னால சும்மா இருக்க முடியுமா?” என்று அவர் கேட்டார். இந்த வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

பந்தயத் தொகை ஏன் நேரத்தைவிட முக்கியம் என்பதைச் சிறு கணக்கால் காட்டலாம். ஆறு நொடிக்கு ஒரு சுழற்சி என்றால் மணிக்கு 600 சுழற்சிகள். வைத்த பணத்தில் பத்து விழுக்காடு சராசரியாக நிறுவனத்துக்குப் போகிறது என்று கொண்டால், 20 ரூபாய்ப் பந்தயத்தில் ஒரு மணி நேரத்தின் சராசரி இழப்பு 1,200 ரூபாய்; 200 ரூபாய்ப் பந்தயத்தில் அதே மணி நேரத்துக்கு 12,000 ரூபாய். முதலாவது ஒரு குடும்பத்தை மெல்ல அரிக்கும். இரண்டாவது இரண்டே இரவுகளில் ஒரு மாதக் கூலியைத் தாண்டிவிடும்.

பெரும்பரிசு எப்படி இவ்வளவு பெரிதானது

ஸ்லாட் இயந்திரத்தின் வரலாற்றில் இரண்டு இடங்களை மட்டும் இங்கே தொட்டுச் செல்வது போதும். சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே 1890-களில் உருவாக்கிய மூன்று உருளை இயந்திரமும் அதன் வழிவந்தவையும் முழுக்க இயந்திரப் பொறியால் இயங்கியவை. ஓர் உருளையில் 22 நிறுத்தங்கள், அதாவது அது வந்து நிற்கக்கூடிய இடங்கள், இருந்தால் மூன்று உருளைகளில் 10,648 சேர்க்கைகளே உண்டு. அதற்கு மேல் அரிதான பரிசை வைக்க வேண்டுமானால் உருளையைப் பெரிதாக்க வேண்டும். பெரிய உருளையைக் கண்டாலே ஆடுபவர் தயங்குவார். ஆகவே பரிசின் அளவுக்கு இயந்திரத்தின் உடலே ஒரு வரம்பாக இருந்தது.

அந்த வரம்பை உடைத்தவர் இங்கெ டெல்னஸ் (Inge Telnaes) என்ற கண்டுபிடிப்பாளர். 1984-இல் அமெரிக்காவில் அவருக்கு வழங்கப்பட்ட காப்புரிமை, உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணினியின் தற்செயல் எண்ணே முடிவு செய்யும் முறையைப் பற்றியது. கண்ணுக்குத் தெரிவது 22 நிறுத்தங்கள் கொண்ட உருளை. உள்ளே கணினி வைத்திருப்பதோ 64 அல்லது அதற்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் கொண்ட கற்பனை உருளை. 64 நிறுத்தங்கள் என்றால் சேர்க்கைகள் 2,62,144 ஆகின்றன. பரிசுச் சின்னத்துக்குக் கற்பனை உருளையில் ஒரே ஓர் இடமும், அதற்கு அடுத்துள்ள வெற்றிடங்களுக்குப் பல இடங்களும் ஒதுக்கினால், பரிசுச் சின்னம், வெற்றியைத் தீர்மானிக்கும் கோட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ அடிக்கடி வந்து நிற்கும். நூலிழையில் தவறிவிட்டது என்ற உணர்வு இப்படித்தான் தயாரிக்கப்படுகிறது. 1980-களின் இறுதியில் நெவாடா மாநில ஒழுங்குமுறை அமைப்பு, தோல்வி என்று முடிவான பின்னர் கைக்கெட்டியது போன்ற தோற்றத்தைத் தனியே தேர்ந்தெடுத்துக் காட்டிய இயந்திரங்களை ஏற்க மறுத்தது. ஆனால் கற்பனை உருளையில் இடங்களை ஏற்றத்தாழ்வாக ஒதுக்கும் முறை அனுமதியோடு தொடர்ந்தது. எது ஏமாற்று, எது வடிவமைப்பு என்பதற்கு நடுவே அன்று இழுக்கப்பட்ட கோடு எனக்கு இன்றும் திருப்தி அளிக்கவில்லை.

நூலிழைத் தவறுதல் மூளையில் என்ன செய்கிறது என்பதை லூக் கிளார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்டார்கள். வெற்றியின்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளில் சில நூலிழைத் தோல்வியின்போதும் தூண்டப்பட்டன. அந்த அனுபவம் இனிமையாக இல்லை என்று பங்கேற்றவர்கள் சொன்னார்கள். அதே மூச்சில், மீண்டும் ஆட வேண்டும் என்ற விருப்பம் கூடியதாகவும் சொன்னார்கள். நம் தொழிலாளியிடமும் இது இருந்தது. ஆனால் அது அவரை உட்கார வைத்ததே தவிர, பந்தயத்தை உயர்த்தச் செய்யவில்லை. அவரே நன்றாகப் பிரித்துச் சொன்னார்: கிட்டே வந்து போனால் எரிச்சலில் இன்னும் நாலு தடவை தட்டுவார், அதே இருபது ரூபாய்க்கு.

வளரும் பரிசின் வரலாறு 1986-இல் திரும்பியது. நெவாடாவின் பல சூதாட்ட விடுதிகளில் இருந்த இயந்திரங்களைத் தொலைபேசிக் கம்பிகளால் இணைத்து, எல்லோருடைய பந்தயத்திலிருந்தும் சிறு பங்கை ஒரே பொதுப் பரிசில் சேர்க்கும் மெகாபக்ஸ் அந்த ஆண்டில் தொடங்கியது. 2003-இல் லாஸ் வேகாஸில் அது சுமார் 3.97 கோடி டாலர் கொடுத்தது. பொதுப் பரிசுக்குத் தகுதி பெற வேண்டுமானால் அந்த இயந்திரத்தில் உச்சப் பந்தயமான மூன்று டாலரை வைக்க வேண்டும். அந்த நிபந்தனையைச் சாதாரண விதி என்று கடந்துவிடக் கூடாது. சிறு பந்தயக்காரர் பரிசுக்கு வெளியே நிற்கிறார் என்று இயந்திரமே அறிவிக்கிறது. நாம் ஆராயும் செயலியில் இந்த நிபந்தனை இன்னும் நயமாக இருந்தது: யாருக்கும் தகுதி மறுக்கப்படவில்லை, ஆனால் பந்தயம் உயர உயர மேஜருக்கான வாய்ப்பும் உயரும் என்று ஒரு சிறு பட்டை நிறம் மாறிக் காட்டியது.

இந்த இடத்தில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று நேரடியாக உதவுகிறது. மேத்யூ ராக்லாஃபும் உடன் ஆய்வாளர்களும் கணினியில் அமைத்த ஸ்லாட் விளையாட்டில், உண்மையான பணத்தை வைத்து மக்களை ஆடச் செய்தார்கள். பரிசு 500 டாலர் அல்லது 25,000 டாலர். சிலருக்கு அது ஏறிக்கொண்டே போகும் பரிசு. சிலருக்கு மாறாத பரிசு. சிலரிடம், முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஏதோ ஒரு சுழற்சியில் பரிசு கட்டாயம் விழும் என்று சொல்லப்பட்டது. மற்றவர்களிடம் எல்லாம் தற்செயல் என்று சொல்லப்பட்டது. கட்டாயம் விழும், ஆனால் தொகை மாறாது என்ற வகையிலான பெரிய பரிசுக்குத்தான் சராசரியைவிட 20.3 விழுக்காடு அதிகமான, எல்லாவற்றிலும் உயர்ந்த பந்தயம் வைக்கப்பட்டது. ஏறிக்கொண்டே போகும், ஆனால் விழும் என்ற உறுதி இல்லாத பெரிய பரிசுக்கு 17.8 விழுக்காடு அதிகம். சிறிய பரிசுகளில் இந்த இரு விளைவுகளும் தென்படவில்லை.

முதல் விளைவை இலக்கு நெருங்க நெருங்க முயற்சி கூடும் என்ற கோட்பாட்டால் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களில் எலிகளை வைத்து நிறுவிய கோட்பாடு அது. இரண்டாவது, லாட்டரியில் யாருக்கும் விழாத பரிசு அடுத்த குலுக்கலோடு சேரும்போது விற்பனை பெருகுவதை ஒத்தது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம் செயலியின் மேஜர் பரிசு வளரவும் செய்தது, எல்லையும் கொண்டிருந்தது. ஆய்வில் பந்தயம் மிக உயர்ந்த இரு வகைகளில் எதனோடும் அது முழுமையாகப் பொருந்தாது. அங்கே கண்ட விழுக்காடுகளை இவருடைய பத்து மடங்கு உயர்வின் மீது ஏற்றிப் பேசுவது முறையாகாது. எடுத்துக்கொள்ளத்தக்கது வேறு: பரிசின் அமைப்பை மாற்றினாலே, வெல்லும் வாய்ப்போடு தொடர்பில்லாமல், வைக்கும் தொகை மாறுகிறது என்பதும், சிறிய பரிசு அதைச் செய்வதில்லை என்பதும். மினி பரிசு தமக்குப் பலமுறை விழுந்ததை அவர் ஒரு பொருட்டாகவே சொல்லவில்லை. “டீ செலவுக்கு ஆச்சு” என்று முடித்துக்கொண்டார்.

சீட்டும் ஜாக்பாட்டும்

இந்நிகழ்வில் மிகவும் யோசிக்க வைத்தது மனைவி போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி: “சீட்டு எடுக்கற மாதிரியே பேசுவாருங்க.” அதைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது விளங்கியது. பட்டறையில் அவரே பல ஆண்டுகளாகக் குலுக்கல் சீட்டு போட்டு வருபவர். இருபது பேர் சேர்ந்தால் இருபது மாதம். மாதம் ஒருவர் பெயர் குலுக்கி எடுக்கப்படும். எடுத்தவர் பெயர் அடுத்த குலுக்கலில் இருக்காது. முதல் மாதம் இருபதில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, பன்னிரண்டு பேர் எடுத்துவிட்ட பிறகு எட்டில் ஒன்றாகிறது. கடைசி மாதம் உறுதியாகிறது. பொறுத்திருந்தவருக்கு அவர் பங்கு வந்தே தீரும். சேலத்தில் தறிக்கூடம், பட்டறை, மளிகைக்கடை என்று எங்கு பார்த்தாலும் கல்யாணத்துக்கும் கல்விக்கும் பணம் சேர்ந்தது இந்தக் கணக்கின் மேல்தான். இது மூட நம்பிக்கை அல்ல. முற்றிலும் சரியான நிகழ்தகவு.

ஏறிக்கொண்டே போகும் எண், இன்ன தொகைக்குள் விழும் என்ற உறுதிமொழி, இதுவரை யாருக்கும் விழவில்லை என்ற செய்தி ஆகிய மூன்றும் சேர்ந்து ஜாக்பாட்டுக்குச் சீட்டின் முகத்தைக் கொடுத்துவிடுகின்றன. வேறுபாடு ஆள் கணக்கில் இருக்கிறது. சீட்டில் எத்தனை பேர் என்பது தெரியும், ஒவ்வொருவருக்கும் ஒரே பங்கு, எடுத்தவர் விலகிவிடுவார். ஜாக்பாட்டில் எதிரே எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பது தெரியாது, பங்கு அந்த நொடியில் வைத்த பணத்தைப் பொறுத்தது, நேற்று வரை வைத்த பணத்துக்கு இன்று எந்த உரிமையும் இல்லை. மேஜர் எல்லையை நெருங்குகிறது என்பது உண்மை. யாருக்கோ விழப்போகிறது என்பதும் உண்மையாக இருக்கலாம். அந்த ‘யாரோ’ என்ற இடத்தில் இத்தனை நாள் பணம் கட்டிய தம்மை அவர் வைத்துக்கொண்டார். தாம் கட்டியது அதில் சேர்ந்துதானே எண் ஏறியது என்று அவர் கேட்டபோது, அதுவும் உண்மைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவரிடம் “உனக்கு விழ வாய்ப்பே இல்லை” என்று சொல்லித் திருத்த முயல்வது பயன் தராது. அவர் கிராண்டைப் பற்றி ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறார். மேஜரைப் பற்றி நாம் சொல்வது அவர் கணக்குக்கு முன்னால் பொய்யாகத் தெரிகிறது. அவருடைய கணக்கையே எடுத்துப் போட்டுக் காட்டுவதுதான் வழி.

ஆலோசனையில் போட்ட கணக்கு

செயலியின் உண்மையான உள்விகிதங்கள் வெளியில் தெரியாதவை. ஆகவே கொண்ட எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. மேஜர் 50,000 ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியில் விழும், அந்தப் புள்ளி முன்பே தற்செயலாகத் தீர்மானிக்கப்பட்டது, எல்லோரும் வைக்கும் பணத்தில் ஒரு விழுக்காடு அதில் சேர்கிறது, மேஜரைத் தவிர்த்த ஆட்டத்தில் நூற்றுக்குப் பத்து ரூபாய் இழப்பு என்று கொள்வோம். அப்படியானால் எண் ஒரு ரூபாய் ஏற நூறு ரூபாய்ப் பந்தயம் வேண்டும். தொடக்கத்திலிருந்து எல்லை வரை போக 50 லட்சம் ரூபாய்ப் பந்தயம் வேண்டும்.

அடுத்து, எந்தப் புள்ளியில் மேஜர் தரும் எதிர்பார்ப்பு மதிப்பு (சராசரியாகக் கிடைக்கக்கூடிய தொகை) ஆட்டத்தின் இழப்பை ஈடுகட்டும் என்று பார்த்தோம். சுமார் 90,900 ரூபாயில். அதற்குக் கீழே எங்கே ஆடினாலும் நட்டம். அதற்கு மேலே, நிறுவனம் சொல்வதெல்லாம் உண்மையாக இருந்தால், கணக்குப்படி ஆடுபவருக்குச் சாதகம். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருந்தது; மறைத்திருந்தால் அவர் அடுத்த முறை வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். தொண்ணூற்றைந்தாயிரத்தில் சும்மா இருக்க முடியாது என்ற அவருடைய வாதத்தில் உண்மை ஒட்டிக்கொண்டிருந்தது இந்த இடத்தில்தான்.

பிறகு அவருடைய பையில் இருக்கும் பணத்தைக் கணக்கில் சேர்த்தோம். 90,900-இல் நுழைந்து 4,000 ரூபாய் முழுவதையும் ஒருமுறை பந்தயமாக வைத்தால், அவரால் எண் 40 ரூபாய் நகரும். எல்லைக்கு மீதியிருப்பது 9,100 ரூபாய். அவருக்கு விழும் வாய்ப்பு ஏறத்தாழ 227-இல் ஒன்று. சாதகமான புள்ளி என்று சொல்லப்படும் இடத்திலேயே, அவரைப் போல 227 பேர் ஆடினால் 226 பேர் மேஜர் கிடைக்காமலே போவார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் அந்தப் புள்ளிக்கு மேல் மட்டுமே ஆடக்கூடிய பெரும் முதலாளியாக இருந்தால் சராசரி அவருக்கு வேலை செய்யும்; சனிக்கிழமைக் கூலிக்காரருக்குச் சராசரி வந்து சேர்வதற்குள் வட்டிக்காரர் வந்துவிடுவார். 20 ரூபாயை 200 ஆக்கியதால், வைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உள்ள வாய்ப்பு மாறவில்லை என்பதையும் அவரே கண்டுபிடித்தார்: அதே 4,000 ரூபாய் இருபது நிமிடத்துக்குப் பதிலாக இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது, அவ்வளவுதான்.

இவை எல்லாமே நிறுவனம் நேர்மையானது என்ற அனுமானத்தின் மேல் நிற்கின்றன. அந்த எண் உண்மையில் பந்தயங்களால் ஏறுகிறதா, வெறும் அசைபடமா என்று சோதிக்க இங்கே யாரும் இல்லை. இலவச நாணயங்களோடு தொடங்கிய முதல் நாட்களில் தமக்கு அடிக்கடி வெற்றி கிடைத்ததை அவர் நினைவுகூர்ந்தார். 2005-இல் கனடா ஆய்வாளர்கள் இணையச் சூதாட்டத் தளங்களைச் சோதித்தபோது, 39 விழுக்காடு தளங்கள் இலவச முன்னோட்ட ஆட்டத்தில் வைத்ததைவிட அதிகமாகத் திருப்பித் தருவதைக் கண்டார்கள்; உண்மைப் பணத்தில் அப்படித் தரும் நிறுவனம் எதுவும் கடை நடத்த முடியாது.

ஏற்காட்டுக்கு மேலே கழிந்த நாட்கள்

ஆலோசனைக்கு வருவதற்கு முன், குடும்பத்தார் தாங்களாகவே ஒரு வைத்தியம் செய்திருந்தார்கள். மனைவியின் அக்கா சேர்வராயன் மலையில், ஏற்காட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில், காப்பித் தோட்ட வேலையில் இருக்கிறார். பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் தேவை என்று சொல்லி இவரை அங்கே அனுப்பிவைத்தார்கள். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைப்பதே அரிது. அங்கிருந்த நாட்களில் அவர் ஆடவில்லை. உறக்கம் சீரானது, எரிச்சல் குறைந்தது. பழக்கம் விட்டுவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

கீழே இறங்கி வந்த பேருந்திலேயே, கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து அடிவாரத்தில் சிக்னல் வந்ததும், அவர் செயலியைத் திறந்தார். மேஜர் 96,000-ஐத் தாண்டியிருந்தது. கையில் இருந்த தோட்டக் கூலி முழுவதும் அன்றிரவே 200 ரூபாய்ப் பந்தயங்களில் போனது. குடும்பத்துக்கு இது துரோகமாகப் பட்டது. மைத்துனர் கை ஓங்கியதாகவும் சொன்னார்கள். மதுவையோ புகையிலையையோ விட்டு விலகியிருக்கும் காலத்தில் அந்தப் பொருள் அப்படியே இருக்கும். வளரும் பரிசு, ஆடுபவர் விலகியிருக்கும் ஒவ்வொரு நாளும் பெரிதாகி, எல்லையை நெருங்கி, திரும்பி வருபவரின் முன் முன்னைவிட வலுவான காரணத்தோடு நிற்கிறது. விலகியிருந்த நாட்களே தூண்டுதலாகிவிட்டன. இடமாற்றத்தை மட்டும் நம்பும் எந்தச் சிகிச்சையும் இவ்வகை ஆட்டத்தில் தோற்பதற்கு இந்த வடிவமைப்பே போதும்.

சட்டம், கடன், சிகிச்சை

சட்டத்தின் நிலை தெளிவானது. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியபோதும், தற்செயலை மட்டுமே நம்பிய ஆட்டங்களுக்கான தடையை நிலைநிறுத்தியது. ஸ்லாட் இந்த இரண்டாவது வகையில் ஐயத்துக்கு இடமின்றி அடங்கும். 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது. இவருடைய செயலி எந்தச் செயலிக் கடையிலும் (ஆப் ஸ்டோர்) இல்லை. நண்பர் அனுப்பிய இணைப்பிலிருந்து நேரே இறக்கப்பட்டது. பணம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர் பெயரிலான யூபிஐ முகவரிக்குப் போயிருந்தது.

தடை சரியானது என்பதே என் கருத்து. ஆனால் தடையால் வரும் ஒரு குறையை மருத்துவமனையில் பணிபுரிபவர்கள் அறிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் இணைய ஸ்லாட்டுகளின் ஒரு சுழற்சி 2.5 நொடிக்குக் குறையக் கூடாது என்றும், வைத்ததைவிடக் குறைவாகத் திரும்பியதை வெற்றிபோல் கொண்டாடிக் காட்டக் கூடாது என்றும் 2021-இல் விதி வந்தது. 2025-இல் பந்தயத்துக்கே உச்சவரம்பு வைக்கப்பட்டது. சட்டத்துக்கு வெளியே ஓடும் செயலியிடம் இவற்றில் எதையும் கேட்க முடியாது. என்னை விளையாட விடாதே என்று பதிவு செய்துகொள்ளும் வழியும் கிடையாது. போதாக்குறைக்கு, போலீசில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தால் இவர் பல மாதங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சிகிச்சை பெரும்பாலும் வழக்கமானதே. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மதிப்பீடு செய்யப்பட்டது. சூதாட்டக் கோளாறுக்குரிய ஒன்பது அளவுகோல்களில் குறைந்தது நான்கு வேண்டும் என்ற இடத்தில் இவரிடம் அதற்கும் மேலே இருந்தன. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் தனியே கவனம் தரப்பட்டது. கூலி சில மாதங்களுக்கு மனைவியின் கணக்குக்கே செல்லும்படி பட்டறை உரிமையாளரிடம் அவரே கேட்டுக்கொண்டார். அவமானமாக இருந்தது என்றாலும், உரிமையாளர் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டது பெரிய உதவி. யூபிஐ வசதி நீக்கப்பட்டது. வட்டிக் கடன்களில் மிகக் கொடியதை மைத்துனர் அடைத்துவிட்டு, அதைத் தவணையாகத் திருப்பி வாங்க ஏற்பாடு செய்துகொண்டார். இரவு நேரத்தில் உந்துதல் எழுந்தால் அழைக்க 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண் கொடுக்கப்பட்டது.

வழக்கத்துக்கு மாறாகச் செய்தது ஒன்றுதான். பரிசு எண்ணைப் பார்ப்பதையே ஆட்டத்தின் முதல் படியாகக் கருதச் சொன்னோம். செயலியை நீக்கிய பிறகும் பட்டறைக் குழுவில் நண்பர்கள் மேஜரின் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடாமல் இருந்த அவருக்கு அந்தப் படங்கள் வந்த நாட்களில் மட்டும் உந்துதல் கடுமையாக இருந்தது. குழுவிலிருந்து வெளியேறுவது தொழில் தொடர்பையே அறுப்பதாக இருந்ததால், படம் போட வேண்டாம் என்று நண்பர்களிடம் சொல்லும் பொறுப்பை உரிமையாளர் ஏற்றார். இருவர் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் தாமும் ஆலோசனைக்கு வரலாமா என்று கேட்டார்.

இந்நிகழ்வுக்குப் பின் எங்கள் முதல்நாள் விசாரணைப் படிவத்தில் மூன்று கேள்விகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரு சுழற்சிக்கு வைக்கும் தொகை எப்போதெல்லாம் கூடியது, அப்போது திரையில் எந்தப் பரிசு எந்த அளவில் இருந்தது, ஆடாத நாட்களிலும் அந்த எண்ணைப் பார்த்து வந்தாரா. சீட்டு போட்டுப் பழகியவரா என்பதை எழுதிக் கேட்பதில்லை. பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்கிறோம், ஏனெனில் அதைப் படிவத்தில் பார்ப்பவர்கள் சீட்டும் சூதாட்டம் என்று நாங்கள் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள்.